வெனிஸில் கரைத்த கலயம்

உலகெங்கும் பரந்து வாழும் தமிழ்ப் பெருமக்களுக்கும், மல்லசமுத்திரம் சுற்றுவட்டாரச் சொந்தபந்தங்களுக்கும், எங்கள் மச்சான் காளியண்ணன் அவர்களின் மணிவிழாக் கப்பல் பயணத்தை வாட்ஸ்அப்பில் கண்டு களித்துக் கைகூப்பிய இருநூற்றுச் சொச்சம் நெஞ்சங்களுக்கும் இதனால் அறிவிப்பது யாதெனில், அந்த வீடியோக்களில் வராத ஒன்றும் அன்றைக்கு நடந்தது.

நடந்தது நிஜம். எனக்குப் பேய் நம்பிக்கை கிடையாது. மச்சான் சொல்வதையே நான் பாதிதான் நம்புவேன். அன்று நான் குடித்திருக்கவில்லை. அரைத்தூக்கத்திலும் இல்லை. ராத்திரிகூட இல்லை, பட்டப்பகல். சுற்றிலும் ஆயிரம் பேர் ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தார்கள்.

முதலில் விவரம். மச்சான் என்றால் என் மனைவி ரஞ்சிதாவின் அண்ணன். திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டிகள் வைத்திருக்கிறார். எந்தச் சங்கத்துக்கும் தலைவராக இல்லாத வாரம் அவருக்குக் காய்ச்சல் வந்துவிடும். அவருடைய அப்பா பெரியசாமி, அதாவது என் மாமனார், எட்டு மாதத்துக்கு முன்னால் காலமானார். மின்மயானத்தில் எரித்து, சாம்பலை மண் கலயத்தில் போட்டு, சிவப்புத் துணியால் வாயைக் கட்டிக் கொடுத்தார்கள். எங்கள் பக்கம் அதைப் பவானி கூடுதுறைக்குக் கொண்டுபோய்க் கரைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வருவது வழக்கம். வீட்டுக்குள் கொண்டுவர மாட்டோம். உடனே கரைக்க முடியாதவர்கள் மயானத்து அலமாரியிலேயே வைத்துவிட்டு வருவார்கள்.

மச்சான் வைத்துவிட்டு வந்தார். எட்டு மாதம்.

"எங்கப்பன் வறண்ட காட்டுலயெல்லாம் போர் போட்டு ஊருக்குத் தண்ணி காட்டுனவரு மாப்ள. அவரைப் போயி எல்லாரு மாதிரியும் பவானில கரைக்கச் சொல்றீங்களா?"

தெருவெல்லாம் தண்ணீராக இருக்கும் ஊர் ஒன்று உலகத்தில் இருக்கிறதாம். அங்கேதான் கரைக்க வேண்டுமாம். தன் அறுபதாவது வயதுக் கொண்டாட்டத்தையும் அதிலேயே சேர்த்துக்கொண்டார். ஃப்ளெக்ஸ் வாசகம் கப்பல் டிக்கெட்டுக்கு முன்பே தயாராகிவிட்டது: 'கடல் கடந்து கரைந்த காவியமே.'

ரஞ்சிதாவுக்கு ஃப்ளெக்ஸ் பற்றிக் கவலை இல்லை. அந்த எட்டு மாதமும் அவள் சரியாகத் தூங்கவில்லை. நடுவில் எழுந்து உட்கார்ந்துகொள்வாள்.

"அப்பா இன்னும் போகலீங்க. பாதி வழியிலயே நிக்கறாரு. கரைச்சுட்டா போயிருவாரு."

அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான். அப்பா போய்ச் சேர வேண்டும். பவானியோ வெனிஸோ, எதுவானாலும் சரி. அதற்காகத்தான் கப்பல் ஏறினாள். அவளுக்காக நானும் ஏறினேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் மச்சானின் மேனேஜர் பூபதி மயானத்துக்குப் போய்க் கலயத்தை வாங்கிவந்தார். பிரஷர் குக்கர் பெட்டியில் பழைய வேட்டியைச் சுற்றி வைத்து, விமானத்தில் ஏற்றினோம். இது என்ன என்று கேட்டவர்களிடம் மச்சான் நெஞ்சை நிமிர்த்தி, "விபூதி" என்றார்.

பெரிய கப்பலெல்லாம் ஊருக்குள் வராது. தூரத்தில் நிறுத்திவிட்டு, படகில் கொண்டுவந்து கரையில் விட்டார்கள். அப்போது மணி 10.15. சாயங்காலம் நாலு மணிக்குக் கடைசிப் படகு. அதை விட்டால் கப்பல் காத்திருக்காது என்று மூன்று தடவை சொன்னார்கள். மச்சானின் மனைவி கடல் ஒத்துக்கொள்ளாமல் கப்பலிலேயே படுத்துவிட்டார். இறங்கியது நாலே பேர்: மச்சான், அவருடைய மகள் தீபிகா, ரஞ்சிதா, நான்.

ஊரைப் பார்த்தேன். எனக்கு அது பிடிபடவில்லை. வாசற்படி தண்ணீருக்குள் இறங்குகிறது. கீழ்ப்படி பூராவும் பாசி. எங்கள் ஊரில் வீட்டு வாசல் வரைக்கும் இப்படித் தண்ணீர் வந்தால் கலெக்டர் வந்து நிற்பார். இங்கே அதைப் பார்க்கக் காசு கொடுத்து வருகிறார்கள்.

கூட்டம் இல்லாத ஒரு சந்தாகத் தேடிப் பிடித்தோம். சந்தின் முடிவில் ஐந்தாறு கல்படிகள் கால்வாய்க்குள் இறங்கின. சுவரில் ஒரு பலகை. ஒரு கை எதையோ தண்ணீரில் போடுவது மாதிரிப் படம் போட்டு, குறுக்கே சிவப்புக் கோடு இழுத்திருந்தது.

"அது குப்பைக்குத்தான் மாப்ள. இது புனித காரியம்."

மச்சான் வேட்டி கட்டி, துண்டு போட்டுக்கொண்டு படியில் நின்றார். தீபிகா செல்போனைப் பிடித்தாள். மூன்று நிமிடம் பேசினார். அதில் அப்பா பெயர் இரண்டு தடவை வந்தது. தன் பெயரை நான் எண்ணவில்லை. மணி 11.20க்குத் துணியை அவிழ்த்து, கலயத்தைக் கவிழ்த்தார். சாம்பல் தண்ணீர்மேல் சற்று நேரம் நின்றது. பிறகு மெல்ல இறங்கியது. சிவப்புத் துணி மிதந்து போனது.

ரஞ்சிதா கண்ணை மூடிக் கும்பிட்டாள். "போயிருங்கப்பா," என்றாள். "நிம்மதியாப் போயிருங்க."

திரும்பிப் பார்க்காமல் நடந்தோம். சந்தில் பாதி தூரம் வந்திருப்போம்.

"அப்பா, ரெக்கார்டு ஆகலை," என்றாள் தீபிகா.

மச்சான் நின்றார். திரும்பினார்.

"அண்ணா, திரும்பாதீங்க," என்றாள் ரஞ்சிதா.

"ஒரே ஒரு டேக். ஊர்ல இருக்கறவங்களுக்கு என்னத்தக் காட்டறது?"

எங்கள் மூன்று பேரையும் திரும்பக் கூட்டிக்கொண்டு போய் அதே இடத்தில் நிறுத்தினார். காலிக் கலயத்தில் கால்வாய்த் தண்ணீரையே மொண்டு, சாம்பல் மாதிரிக் கவிழ்த்தார். மறுபடியும் பேச்சு. இந்தத் தடவை நாலு நிமிடம்.

அப்போதுதான் முதல் தடவை கேட்டேன்.

'டிக்.'

கல்லில் உலோகம் தட்டுகிற சின்னச் சத்தம். படிக்குக் கீழேயிருந்து. நாணயம் எதுவும் விழுந்ததா என்று பார்த்தேன். ஒன்றும் இல்லை. கடைசிப் படியில் தண்ணீர் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

'டிக்... டிக்...'

சந்துக்கு வெளியே வரும்வரை கேட்டது. கூட்டத்துக்குள் நுழைந்ததும் நின்றுவிட்டது. ரஞ்சிதாவின் மெட்டி என்று நினைத்தேன். நூறு அடி நடந்த பிறகுதான் உறைத்தது. சேலைக்குக் கீழே அவள் போட்டிருந்தது தீபிகா வாங்கிக் கொடுத்த ஷூ. நெருக்குகிறதென்று மெட்டியைக் கழற்றிக் கப்பலிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள்.

அந்த ஊரில் இருபது அடிக்கு ஒரு பாலம். பாலத்துக்குப் பாலம் படிகள். ஏறி இறங்கும்போதெல்லாம் ரஞ்சிதா ஏதோ முணுமுணுத்தாள். ஸ்லோகம் என்று விட்டுவிட்டேன். நாலாவது பாலத்தில் பக்கத்தில் போய்க் காதைக் கொடுத்தேன்.

"படி... படி... இன்னொரு படி... அவ்ளோதான்."

"யாருக்குச் சொல்ற?"

"என்னதுங்க?"

"படி படிங்கிற."

"நானா?" என்று என்னைப் பார்த்தாள். நிஜமாகவே தெரியாத முகம்.

எனக்குச் சந்தேகம் அங்கே விழுந்தது. இடதுகையை உடம்பிலிருந்து கொஞ்சம் தள்ளி, விரலை லேசாக மடக்கி வைத்துக்கொண்டு நடந்தாள். நடையும் அவள் நடை இல்லை. கடைவீதியில் என்னை முந்தி ஓடுகிறவள், அன்றைக்கு யாருக்காகவோ மெதுவாக நடந்தாள்.

ஒரு சதுக்கத்தில் உட்கார்ந்து பீட்சா சாப்பிட்டோம். மணி 1.10. மச்சான் தன் வீடியோவுக்கு வந்த கும்பிடுகளை எங்களுக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார். ரஞ்சிதா ஒரு துண்டைப் பிய்த்து, காகிதத்தில் வைத்து, பக்கத்தில் காலியாக இருந்த இடத்தில் வைத்தாள்.

"யாருக்கு?" என்றேன்.

"அப்பாவுக்குங்க," என்றாள் மெதுவாக. "அப்பா கூட வாராரு. கையப் புடிச்சிருக்காரு."

மச்சானுக்குக் கேட்டுவிட்டது. செல்போனிலிருந்து நிமிர்ந்தார்.

"அப்பா இல்லாம எப்படி? நாம இவ்வளவு தூரம் கொண்டாந்திருக்கோம். சந்தோசமா ஊர் பாக்கறாரு," என்றார். அடுத்த வீடியோவுக்கு வசனம் கிடைத்துவிட்டது.

நான் ரஞ்சிதாவுக்குப் பக்கத்துத் தரையைப் பார்த்தேன்.

வெயிலில் காய்ந்து கிடந்த கல். அதில் ஒரு ஈரப் பாதம். வெறும் பாதம். என் கைக்கு ஒரு சாண்தான் நீளம். என் மாமனாருக்குப் பதினோராம் நம்பர் செருப்பு. கடையில் சொல்லி வைத்துத்தான் வாங்குவோம்.

இன்னொன்றும் பார்த்தேன். பெருவிரலுக்கு அடுத்த விரலில், குறுக்கே மெல்லிசாக ஒரு கோடு. அந்தக் கோட்டில் மட்டும் ஈரம் இல்லை.

மெட்டி போட்ட விரல்.

யாரிடம் சொல்வது? மச்சானிடமா? அதற்கும் ஒரு டேக் எடுப்பார்.

கிளம்பும்போது காகிதத்தைப் பார்த்தேன். கடற்பறவைகள் அத்தனை இருந்தும் ஒன்றும் அதைத் தொடவில்லை. பீட்சாத் துண்டு தண்ணீரில் ஊறினது மாதிரி பொதபொதவென்று கிடந்தது.

அடுத்த பாலத்தில் தீபிகா கீழே கைகாட்டினாள்.

"மாமா, அது நம்ம துணிதானே?"

சிவப்புத் துணி. காலையில் நாங்கள் விட்ட இடம் அங்கிருந்து ஏழெட்டுத் தெரு தள்ளி. அது எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. அவசரமே இல்லாமல்.

தீபிகா செல்போனில் தட்டிப் பார்த்தாள். "இங்க தண்ணி கொஞ்ச நேரம் கடலுக்குப் போகும், அப்புறம் திரும்பி உள்ள வரும் மாமா. கடல் ஏத்தம். பயப்படாதீங்க."

கொஞ்சம் மூச்சு வந்தது. விஞ்ஞானம் என்றால் சரிதான். ஆனாலும் எனக்கு அந்த ஊர் அப்போதே வெறுத்துவிட்டது. எங்கள் பக்கம் போன தண்ணீர் போனதுதான். காவிரியில் விட்டதைக் காவிரி திருப்பிக் கொண்டுவந்து கொடுத்ததாக யாரும் சொன்னதில்லை. இந்தத் தண்ணீரைப் பார்த்தால் போகிறதா வருகிறதா என்றே தெரியவில்லை. இதில் கரைத்தால் ஆள் எங்கே போய்ச் சேருவார்?

மணி 2.50. படகுத்துறைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். முகமூடி விற்கும் கடையில் மச்சான் நின்றார். விலை கேட்டார். நானும் நின்றேன். ஒரு நிமிடம்கூட இருக்காது.

திரும்பினால் ரஞ்சிதா இல்லை.

"இப்பத்தான இருந்தாங்க," என்றாள் தீபிகா.

இடதுபக்கம் ஒரு சந்து. ஆள் ஒருவர் போகிற அகலம்தான். உள்ளே ஓடினேன். முடிவில் இன்னொரு சந்து. அப்புறம் இன்னொன்று. பின்னால் கூட்டத்தின் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. பிறகு சுத்தமாக நின்றது.

என் செருப்புச் சத்தம் மட்டும்.

நின்றேன்.

'டிக்... டிக்...'

முன்னால். வலது பக்கம்.

"படி..." என்று ரஞ்சிதாவின் குரல். தூங்குகிற குழந்தையிடம் பேசுகிற குரல். "படி... பாத்து..."

ஓடினேன்.

அதே இடம். காலையில் கரைத்த அதே படித்துறை. அதே பலகை. நாங்கள் எதிர்த்திசையில்தான் வந்திருந்தோம்... சத்தியமாக எதிர்த்திசையில்.

ரஞ்சிதா படியில் இறங்கிக்கொண்டிருந்தாள்.

காலையில் தெரிந்த படிகளில் மூன்று இப்போது தண்ணீருக்குள். ஷூ நனைந்துவிட்டது. சேலை முழங்கால் வரை நனைந்துவிட்டது. இடதுகை பக்கவாட்டில் நீண்டிருந்தது.

கையின் நுனியில் யாரும் இல்லை.

அவளுக்குப் பக்கத்துத் தண்ணீர் மட்டும் இரண்டாகப் பிளந்து, எதையோ சுற்றிக்கொண்டு போனது.

"ரஞ்சிதா."

திரும்பவில்லை.

"எங்க போற?"

"அப்பா கூப்புடறாருங்க."

"என்ன சொல்லிக் கூப்புடறாரு?"

"வா சாமி... ஊட்டுக்குப் போலாம்... வா சாமிங்கறாரு."

இன்னொரு படி இறங்கினாள். தண்ணீர் தொடைக்கு வந்தது.

எங்கள் பக்கம் எல்லாரும் எல்லாரையும் சாமி என்பார்கள். குழந்தையைச் சொல்வார்கள். கிழவரைச் சொல்வார்கள். என் மாமனார் சொல்ல மாட்டார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம், ஒரு நாளும் அவர் வாயில் நான் அதைக் கேட்டதில்லை.

இழுத்தால் எதை இழுக்கிறேன் என்று தெரியவில்லை. கேட்டேன்.

"ரஞ்சிதா. உங்கப்பா உன்னைய எப்படிக் கூப்புடுவாரு?"

நின்றாள்.

"சொல்லு. எப்படிக் கூப்புடுவாரு?"

"...அம்முணீன்னு."

சொன்னவள் மெல்லத் தன் இடதுகையைப் பார்த்தாள்.

முகம் மாறியது.

"ஏனுங்க..." என்றாள், உதடு மட்டும் அசைய. "அப்ப இது யாருங்க?"

பாய்ந்து அவள் தோளைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. இன்னொரு பக்கம் யாரோ பிடித்திருந்தார்கள். மூர்க்கமான பிடி இல்லை அது. கூட்டத்தில் விட்டுவிடுவார்களோ என்று பயந்து பிடிக்கிற பிடி.

பிறகு அது விட்டது.

இருவரும் படியில் விழுந்தோம். எழுந்தோம். ஓடினோம்.

பின்னால்...

'டிக்.'

ஒரே ஒரு தடவை.

நாங்கள் திரும்பிப் பார்க்கவில்லை.

படகுத்துறைக்கு வந்தபோது மணி 3.52. மச்சான் கையில் முகமூடியோடு நின்றார். "எங்க மாப்ள போனீங்க? ஒரு மணி நேரமா முகமூடி போட்டுப் பாத்துட்டு நிக்கறேன், நல்லா இருக்குதான்னு சொல்ல ஆளில்ல."

"தண்ணியில கால வச்சுட்டா," என்றேன்.

படகு கிளம்பியது. ரஞ்சிதா தன் இடது மணிக்கட்டைத் தடவிக்கொண்டே இருந்தாள். அதில் நாலு விரல் தடம். வெளுத்துப்போன, சின்ன விரல்கள். ஊர் சின்னதாகிக்கொண்டே போனது. எதிரே இரண்டு வெள்ளைக்காரக் கிழவர்கள் எங்களைப் பார்த்துச் சிரித்து, நனைந்த சேலைக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்கள். விளையாடி நனைந்தோம் என்று நினைத்திருப்பார்கள்.

அவள் என் காதருகே வந்தாள்.

"அது எங்கப்பா இல்லீனா... எங்கப்பா எங்கீங்க?"

நான் அவள் மணிக்கட்டை என் கையால் மூடினேன்.

ஊர் திரும்பி, அஸ்தம்பட்டியில் எங்கள் வீட்டு மாடிப்படியில் பெட்டிகளோடு ஏறினோம். அவள் எனக்கு முன்னால். ஒவ்வொரு படிக்கும் முணுமுணுத்தாள். நான் கேட்காத மாதிரி ஏறினேன்.

ஊர் வந்த பன்னிரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. திருச்செங்கோட்டில் மச்சான் வீட்டில் விருந்து. வாசலில் இருபது அடி ஃப்ளெக்ஸ். மாமனாரின் தலைக்குப் பின்னால் வெனிஸ். அவரைவிடப் பெரிதாக மச்சான். சாப்பாட்டுப் பந்தி நடக்கும்போது வாட்ச்மேன் வந்து, யாரோ ஒருவர் கேட்டுக்கு வெளியே நிற்கிறார், உள்ளே வரமாட்டேன் என்கிறார் என்றார்.

போய்ப் பார்த்தோம். ஐம்பது வயதுக்காரர். லாரி டிரைவர். பெயர் வேலுசாமி, தம்மம்பட்டிக்காரர். தோளில் பை. இரண்டு கையாலும் ஒரு மண் கலயத்தைப் பிடித்திருந்தார். வாய் சிவப்புத் துணியால் கட்டியிருந்தது. அதை வைத்துக்கொண்டு வீட்டுக்குள் வரக் கூடாது என்று வெளியிலேயே நின்றிருந்தார்.

"மன்னிச்சுக்கோங்க, விசேசத்துல வந்துட்டேன்," என்றார். "வடக்க லோடு போனவன், இப்பத்தான் வந்தேன். எங்கம்மா கலயத்த எடுக்க மயானத்துக்குப் போனனுங்க. வெள்ளையடிக்கறப்ப கலயத்தையெல்லாம் எறக்கி மாத்தி வச்சுட்டாங்களாம். எங்கம்மா இருந்த எடத்துல இது இருந்துச்சு. இது உங்கய்யாங்களாம். மேனேஜர் மாத்தி எடுத்துட்டு வந்துட்டாருன்னாங்க." கலயத்தை நீட்டினார். "எங்கம்மா உங்ககிட்டயா இருக்குது?"

மச்சானைப் பார்த்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அவரிடம் பேச்சு இல்லை. ரஞ்சிதாதான் முன்னால் போய்க் கலயத்தை வாங்கினாள். நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். "அப்பா," என்றாள். அழுதாள். அப்புறம்தான் நாங்கள் வேலுசாமியிடம் சொன்னோம், எங்கே கரைத்தோம் என்று.

அவர் கோபப்படவில்லை. ஃப்ளெக்ஸைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தண்ணிக்குள்ளயே ஊருங்களா?" என்றார். "எங்கம்மா பெருமாயிக்குப் பத்து வருசமாக் கண்ணு தெரியாதுங்க. வாசலத் தாண்டறதுன்னாக்கூட யாராச்சும் கையப் புடிச்சு, படி படீன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போவோணும். கைய உட்டா நின்ன எடத்துலயே நின்னுக்கும்."

ரஞ்சிதா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

மறுநாள் மாமனாரைப் பவானிக்குக் கொண்டுபோனோம். பஸ்ஸில்தான். மச்சான் செல்போனை எடுக்கவில்லை. வேலுசாமியும் கூட வந்தார். நாங்கள் கேட்டுத்தான் வந்தார். ரஞ்சிதா தன் கையால் கரைத்தாள். தண்ணீர் ஒரே பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. அன்று ராத்திரி, எட்டு மாதத்துக்குப் பிறகு, அவள் விடியும்வரை தூங்கினாள். மாடிப்படியில் முணுமுணுப்பதை மட்டும் இன்னும் விடவில்லை.

கூடுதுறையிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் வேலுசாமி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சங்ககிரி தாண்டியதும் கேட்டார்.

"நானு காஷ்மீரு வரைக்கும் ஓட்டியிருக்கேனுங்க. எப்படியாச்சும் போயி எங்கம்மாவக் கூட்டியாந்தர்றேன். அந்த ஊர்ல ரோடு எப்படிங்க?"

அந்த ஊரில் ரோடு கிடையாது.